ஊசலில் 9.78 வந்துவிட்டது: நூலைப் பிடிக்கிற இடம்தான் எல்லாம்

ஊசலை ஆட்டி அளந்த புவியீர்ப்பு முடுக்கம் (g) ஒருவழியாக 9.781 மீட்டர்/நொடி² வந்துவிட்டது. சென்னைக்கு வரவேண்டியது 9.783 பக்கம். மூன்றாம் தசமத்தை நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் 9.78 என்பது இனி என் சொந்த எண்.

"இதில் என்ன, 9.8 எல்லாருக்கும் வருமே" என்பார்கள். வரும்தான். பிராக்டிகல் நோட்டில் வராதவர்களுக்கும் வரும். நான் குறிவைத்தது 9.78ஐயும் 9.81ஐயும் பிரித்துக் காட்டுவதை. 9.80665 என்பது 1901ல் பொதுவாக வைத்துக்கொண்ட மதிப்பு. 45 பாகை அட்சரேகைப் பக்கம் இருப்பவர்களுக்குத்தான் அது பொருந்தும். லண்டனில் 9.81. நாம் இருப்பது 13 பாகையில். பூமியின் சுழற்சியும் நடுவில் அது கொஞ்சம் பருத்திருப்பதும் சேர்ந்து நம் பங்கைக் குறைத்துவிடுகின்றன. 1672ல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிசிலிருந்து, நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் தென்னமெரிக்காவில் இருக்கும் கயேனுக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளைக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியதும் இதனால்தான்.

இதை நீளத்தில் சொன்னால் கஷ்டம் புரியும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு நொடி எடுக்கும் ஊசல் லண்டனில் 994.1 மில்லிமீட்டர். சென்னையில் 991.2. நான் தேடிய வித்தியாசம் மொத்தமே மூன்று மில்லிமீட்டர்! அந்த மூன்றும் அப்படியே காணாமல் போகிற இடம் நூலின் மேல்முனை.

இரண்டாகப் பிளந்த கார்க்கில் நூலைச் செருகி ஸ்டாண்டில் இறுக்கும் பழைய முறையை எல்லாரும் செய்திருப்போம். கார்க்கின் விளிம்பு சீக்கிரம் உதிர்ந்து உருண்டையாகிவிடும். குண்டு இடதுபக்கம் போகும்போது நூல் ஒரு புள்ளியில் மடங்கும், வலதுபக்கம் போகும்போது வேறொரு புள்ளியில். நீளத்தை எங்கிருந்து அளப்பது? ஆணியில் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் மோசம், முடிச்சே ஆணிமேல் உருளும். ஸ்டாண்டும் சேர்ந்து ஆடினால் கேட்கவே வேண்டாம், அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்பும் நேரம்) கூடி விடை குறையும். அதனால் ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கான்கிரீட் பீமில் துளையிட்டு ஒரு கனமான எல்-ஆங்கிளை முடுக்கினேன்.

நூலைப் பிடிக்கும் தாடைக்கு இரண்டு பொருத்தம் தேவை: கீழ் விளிம்பு கூராகச் செங்கோணத்தில் இருக்க வேண்டும், ஆனால் நூலை அறுக்கக் கூடாது. பல இரும்புத் துண்டுகளைப் பார்த்த பிறகு கண்ணில் பட்டது லேத் பட்டறையில் கிடந்த சதுர டூல் பிட், அதாவது லேத்தில் உலோகத்தைக் கடையும் வெட்டுத் துண்டு. எச்.எஸ்.எஸ். என்கிற கடினமான வெட்டுக்கருவி எஃகு, நான்கு பக்கமும் கிரைண்டிங் செய்தே வருகிறது, விளிம்பு கண்ணாடி மாதிரி. பட்டறைக்காரர் கேட்டார்: "தம்பி, இதுல எதைக் கடையப் போறீங்க?" "கடையலண்ணே, நூலைப் பிடிக்கப் போறேன்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு பிட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

செய்தது இவ்வளவுதான். ஒரு பிட்டை எல்-ஆங்கிளில் நிரந்தரமாக முடுக்கிவிட வேண்டும். அதை இனி தொடவே கூடாது. இன்னொன்றை அதற்கு எதிரே வைத்து நடுவில் நூல், வெளியே சி-கிளாம்ப். இரண்டின் அடி விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கக் கீழிருந்து ஒரு கண்ணாடித் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு கிளாம்பை இறுக்க வேண்டும். எண்ணெய்க் கல்லில் விளிம்பை ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் நூல் அறுபடாது. இரண்டு இழுப்பு வேண்டாம், விளிம்பு உருண்டுவிடும்.

இதற்குப் பிறகும் நூல் சரியாக எந்தப் புள்ளியில் மடங்குகிறது என்பதில் ஒரு சின்ன சந்தேகம் இருக்கும். அதற்கு மருந்து, முழு நீளத்தை அளக்காமலே விடுவது. நீள ஊசலுக்கு அலைவு நேரம் எடுங்கள். அப்புறம் கிளாம்பைத் தளர்த்தி நூலை மேலே இழுத்து மறுபடி இறுக்கி, குட்டை ஊசலுக்கு எடுங்கள். குண்டின் அடிப்பக்கம் எவ்வளவு மேலேறியது என்பது மட்டும் போதும். அலைவு நேரங்களின் வர்க்க வித்தியாசத்தால் 4π² மடங்கு நீள வித்தியாசத்தை வகுத்தால் g. மடங்கும் புள்ளியின் சந்தேகம், குண்டின் மையம் எங்கே என்ற சந்தேகம் இரண்டும் கழிந்துபோகும். நிரந்தரத் தாடையைத் தொடக்கூடாது என்று சொன்னதன் காரணம் இதுதான்.

என் கணக்கு: குண்டு ஏறியது 602.5 மில்லிமீட்டர். வீச்சுத் திருத்தம் (ஊசல் எவ்வளவு கோணத்துக்கு ஆடுகிறது என்பதற்கான திருத்தம்) போட்ட அலைவு நேரங்கள் 2.0090, 1.2666 நொடி. போட்டுப் பாருங்கள், 9.781 வரும். ஸ்டீல் ஸ்கேலைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததில் 0.3 மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம்; அதுவே விடையில் 0.005 வரை ஆட்டும். காற்றின் மிதப்பு விசைத் திருத்தம் அதைவிடச் சின்னது என்பதால் விட்டுவிட்டேன். வீச்சை மட்டும் அசட்டையாக விடாதீர்கள். 10 பாகையில் ஆடவிட்டால் விடை 0.04 அளவு குறைந்து நிற்கும். நான் இரண்டரைப் பாகையைத் தாண்டவில்லை. குண்டைக் கையால் விட்டால் கோணலாகச் சுற்றும். பக்கத்தில் நூலால் இழுத்துக் கட்டித் தீக்குச்சியால் எரித்து விடுவதே நல்லது.

நூல் பற்றி ஒரு வரி: நைலான் தூண்டில் நரம்பு இழுபட்டுக்கொண்டே போகும், பருத்தி நூல் முறுக்கவிழ்ந்து குண்டைச் சுழற்றும். பின்னல் தூண்டில் நூல் வாங்குங்கள்.

கடிகாரம் பற்றி ஒரு புலம்பல். அகச்சிவப்பு சென்சாரை ஆர்டுயினோ என்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் மாட்டி மைக்ரோ நொடி வரை எண் வருகிறது என்று பெருமைப்படுபவர்கள் கவனிக்க: அந்தப் போர்டுகள் பலவற்றில் நேரத்தை எண்ணித் தருவது குவார்ட்ஸ் இல்லை, அதைவிடத் துல்லியம் குறைந்த செராமிக் ரெசொனேட்டர். அரை சதவீதம் வரை பிசகலாம். என் போர்டு நாளைக்கு மூன்று நிமிடம் போலப் பிசகி ஓடிக்கொண்டிருந்தது. நேரத்தில் அது 0.2 சதவீதம், g-யில் 0.04. நாம் தேடும் வித்தியாசமே 0.03! ரிச்சி தெருவில் டி.எஸ்.3231 என்கிற துல்லியக் கடிகாரச் சிப் உள்ள மாட்யூல் ஒன்று வாங்கி, அதன் ஒரு நொடித் துடிப்போடு ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே நிம்மதி. கடைக்காரர் வேறு மாட்யூலைத் தலையில் கட்டப் பார்த்தார். சிப்பின்மேல் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இடையில் ஒரு நீளத்துக்கும் அளவெடுத்து வரைபடம் போட வேண்டியது பாக்கி. அதற்குள் மனம் கேட்டர் ஊசலுக்குத் தாவிவிட்டது: நூலுக்குப் பதில் உலோகப் பட்டை, அதைக் கத்திமுனையில் நிறுத்தித் தலைகீழாகவும் திருப்பி ஆடவிடுவது. ஹென்றி கேட்டர் லண்டனில் புகழ்பெறும் முன் மதராஸில் வில்லியம் லாம்டன் நடத்திய நில அளவையில் வேலை பார்த்தவர். அவர் வழியில் செய்த ஊசலைக் கொண்டு நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 1821ல் அளவெடுத்தார். அடுத்த ஆண்டே ராயல் சொசைட்டி இதழில் கட்டுரை. ஆக, இந்த ஊர் எண்ணுக்கு எனக்கு 200 வருட சீனியர் ஒருவர் உண்டு. (பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசலும் ஆசைதான். ஆனால் சென்னையில் அது ஆடும் தளம் ஒரு சுற்று சுற்ற சுமார் 106 மணி நேரம் ஆகும். பொறுமை இல்லை.)

பித்தளைப் பட்டை விலை கட்டுப்படியாகவில்லை, இரும்பிலேயே தொடங்குகிறேன். வெயிலுக்கு நீள்வதும் இரும்பில் குறைவு. கத்திமுனைக்கு அதே டூல் பிட்டைத் தீட்டித் தருவதாகப் பட்டறை அண்ணன் சொல்லியிருக்கிறார். முனை உட்காரும் தட்டுக்குத்தான் வழி தெரியவில்லை. கேட்டர் அகேட் என்கிற கடினமான கல்லை வைத்தார். பழைய வேதியியல் தராசில் அகேட் தட்டு இருக்கும். கல்லூரி ஆய்வகம் எதிலாவது உடைந்த தராசைக் கழித்துக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறேன்.