ரோஸிக்குக் கொள்ளு ஊறவைக்க வேண்டும்

பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டியவர் என் அப்பா. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிரிவீதி வரைக்கும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு, ஆட்டோக்கள் வந்து பாதிச் சவாரியைக் கொண்டுபோன பிறகும் விடாமல் ஓட்டினார். விசேஷ நாட்களில் கையில் காசு புரளும். மற்ற நாட்களில் கொள்ளுக்கும் புல்லுக்கும் போக மிஞ்சினதுதான் வீட்டுக்கு.

குதிரையின் பெயர் ரோஸி. செவலை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியது. அங்கே குதிரை வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், காலைத் தூக்கிப் பார்ப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலே உடம்பில் மயிர்ச் சுழி பார்ப்பார்கள். ரோஸிக்கு ஏதோ ஒரு சுழி சரியில்லை என்று நாலு பேர் விட்டுவிட்டுப் போனதால்தான் அப்பாவுக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைத்தது. அந்தச் சுழிதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று துக்கத்துக்கு வந்த இடத்தில் ஒரு பெரியம்மா சொன்னார். அப்பாவுக்குப் பல வருஷமாக சர்க்கரை, அதோடு பீடி. அதற்கெல்லாம் யாரும் சுழி பார்க்கவில்லை.

நெஞ்சு வலி வந்தது வண்டி ஸ்டாண்டில். கூட இருந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்குக் கோயம்புத்தூரில் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. ஆனால் அம்மாவுக்கு யாரும் போன் செய்யவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்தது வேறு மாதிரி. சாயங்காலம் தெருவில் லாடச் சத்தம் கேட்டு, இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டாரே என்று டீக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறாள். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது பக்கத்துத் தெரு பாய். இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

புறநானூற்றில் 273ஆம் பாட்டு ஒன்று உண்டு, எருமை வெளியனார் பாடியது. போருக்குப் போனவர்களின் குதிரைகள் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்புகின்றன. எல்லார் வீட்டுக் குதிரையும் வந்துவிட்டது, என் வீட்டில் குடுமி வைத்த சின்னப் பிள்ளையைப் பெற்றுத் தந்தவன் ஏறிப்போன குதிரை மட்டும் வரவில்லையே என்று ஒருத்தி கேட்கிறாள். இரண்டு பெரிய ஆறுகள் கூடுகிற இடத்தில் குறுக்கே நின்ற மரம் மாதிரி அது சாய்ந்துவிட்டதோ என்கிறாள். கவனித்தீர்களா, புருஷன் செத்துவிட்டானா என்று அவள் வாயால் கேட்கவே இல்லை. குதிரையைத்தான் கேட்கிறாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது இது எனக்கு மண்டையில் ஏறவில்லை. அந்தப் பெண்ணுக்குக் குதிரை வரவில்லை. அம்மாவுக்குக் குதிரை வந்தது, அது ஒன்றுதான் வந்தது.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பாவை வாசலில் பந்தலுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். ரோஸி பின்னால் கொட்டகையில் கட்டிக் கிடந்தது, இரவெல்லாம் காலை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தது, வைத்த கொள்ளு அப்படியே இருந்தது. பாய்தான் அம்மாவிடம் வந்து, "தங்கச்சி, அத அவுத்துக் கூட்டியாந்து ஒரு தடவ காட்டிருவோம். பாக்கலைன்னா தேடிக்கிட்டே கெடக்கும்" என்றார். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நாலு பேர் வந்து போகிற இடம், மிரண்டு யாரையாவது உதைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கூட்டிட்டு வாங்கண்ணே" என்றாள்.

பிற்பாடு தேடிப் படித்தபோது தெரிந்தது, வெளிநாட்டுக் குதிரைப் பண்ணைகளிலும் இது வழக்கம். ஜோடியாக இருந்த இரண்டில் ஒன்று செத்தால், மற்றதைக் கூட்டிவந்து உடலை மோந்து பார்க்க விடுவார்கள். பாய் எந்தப் பண்ணையையும் பார்த்தவர் இல்லை. அவருடைய அத்தா செய்ததைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

ரோஸி வந்தது. பறைச் சத்தத்தை நிறுத்தச் சொல்லியிருந்தார் பாய். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கழுத்தை நீட்டி அப்பாவின் காலை மோந்தது, மூக்குத் துவாரம் விரிந்து சுருங்குவது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. அப்புறம் மெதுவாக நெஞ்சு வரைக்கும் வந்தது. பெண்கள் பக்கமிருந்து "ஐயோ, பாருடி, அதுக்கும் தெரியுது" என்று ஒரு குரல் எழுந்து ஒப்பாரி இன்னொரு சுற்று ஆரம்பிக்கிற நேரத்தில், ரோஸி வாயைத் திறந்து, வண்டி ஸ்டாண்டுக்காரர்கள் போட்டிருந்த சாமந்தி மாலையை ஒரு கடி கடித்து இழுத்தது. இழுத்து நின்று நிதானமாக மென்றது. முந்தின நாளிலிருந்து வெறும் வயிறு, பாவம். முதலில் சிரித்தது அம்மா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்புறம் அந்தச் சிரிப்பே அழுகையானது. அதுவரைக்கும் அவள் அழவே இல்லை.

2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் இறுதி ஊர்வலம் விண்ட்சருக்கு வந்தபோது, பாதையோரம் எம்மா என்ற கறுப்பு மட்டக்குதிரையை நிறுத்தியிருந்தார்கள். சேணத்தின் மேல் ராணி தலையில் கட்டுகிற துணி. அந்த வீடியோவை எனக்கே நாலைந்து பேர் அனுப்பினார்கள், குதிரை எப்படி வருத்தமாக நிற்கிறது பார் என்று. அதற்கு நேர் எதிர் 1963 நவம்பரில் வாஷிங்டனில் கென்னடியின் சவ ஊர்வலத்தில் போன பிளாக் ஜாக். ஆள் இல்லாத சேணம், கால் வைத்து ஏறுகிற அங்கவடியில் பூட்ஸை முன்பின்னாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள், தலைவன் இனி ஏற மாட்டான் என்பதற்கு அடையாளமாக. அந்தக் குதிரை வழி நெடுகத் துள்ளித் துள்ளி, பிடித்து நடந்த சிப்பாயைப் படாத பாடு படுத்தியது. அமைதியாக நின்றதிலும் துக்கத்தைப் பார்த்தோம், துள்ளியதிலும் பார்த்தோம். ரோஸி மாலையைத் தின்னாமல் இருந்திருந்தால் எங்கள் தெருவில் இன்றைக்கு வரைக்கும் அது ஒரு கதையாக ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒன்றும் தெரியாமல் இருந்ததா என்றால் அப்படியும் சொல்ல முடியாது.

குதிரைக்குக் கண் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றி எல்லாமே தெரியும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் கொஞ்ச இடம் மட்டும் தெரியாது. அதனால் பின்பக்கமாக வருகிறவர்கள் குரல் கொடுத்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் உதைதான். அப்பா குரல் கொடுப்பது ஒரு செருமல். கொட்டகைக்குள் நுழையும்போது தொண்டையைச் செருமுவார், ரோஸியின் காது இரண்டும் பின்னால் திரும்பும், அவர் உள்ளே போவார். அவர் போன பிறகு தெருவில் எந்த ஆம்பிளை செருமினாலும் அந்தக் காது திரும்பியது. எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு ஓயாத இருமல் வேறு. ஒவ்வொரு தடவையும் காது திரும்பும், கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், அப்புறம் முன்னால் வரும். எனக்கு அதைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விடுவேன்.

காரியம் முடிவதற்குள்ளேயே குதிரையை விற்றுவிடலாம் என்று பேச்சு வந்துவிட்டது. தம்பி ஓட்ட மாட்டான், நான் கோயம்புத்தூர், அம்மா அந்தக் குதிரையைத் தொட்டதுகூட இல்லை. யார் என்ன கேட்டாலும் அம்மா சொன்ன பதில், "நாளைக்குப் பேசிக்கலாம், அது பசியா நிக்குது." சொந்தக்காரப் பெண்கள் அவளை மூலையில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இரவு கொள்ளு ஊறப்போட்டால்தான் காலையில் வேகவைக்க முடியும். விடியும் முன்னே தண்ணீர் காட்ட வேண்டும், சாணி அள்ள வேண்டும், புல்லுக்கட்டுக்காரன் வந்தால் ஈரக்கட்டா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கண்டதைத் தின்று வயிற்றில் அடைத்துக்கொண்டால் குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, அதன் உடம்பு அமைப்பு அப்படி, வயிற்று வலியிலேயே செத்துப்போகும். இதையெல்லாம் யாரிடம் விட முடியும்? எழுந்து போனாள். "மூலையில இருக்க வேண்டியவ லாயத்துல நிக்கறா" என்று பேசினார்கள்தான். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

அம்மாவுக்குச் செருமத் தெரியாது. அதனால் பேசிக்கொண்டே உள்ளே போனாள். முதலில் "ஏய், வர்றேன், வர்றேன்" மட்டும். அப்புறம் சாமான் விலை, அப்புறம் சித்தப்பா சொன்னது, அப்புறம் அப்பா யாருக்கும் தெரியாமல் யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுத்திருந்தார் என்பது. எங்களிடம் சொல்லாததையெல்லாம் குதிரையிடம் சொன்னாள், நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். ரோஸி கொள்ளு தின்னும், அது அதன் வேலை.

நான் ஒருநாள் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கப் போனேன். காலைத் தூக்கவே விடவில்லை. எவ்வளவு இழுத்தாலும் அடி மரம்போல ஊன்றி நின்றது. பாய் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "கையில படபடப்பு இருக்குல்ல கண்ணு, மூச்ச விடு மொதல்ல" என்றார். மூச்சு பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை, அப்பா போனதிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறேன் போல. விட்டேன். தோளை அதன் விலாவில் சாய்த்து, கையை முட்டியிலிருந்து கீழே தடவிக்கொண்டே போனேன், தானாகத் தூக்கிக் கொடுத்தது. தூக்கிக் கொடுத்துவிட்டுப் பாதி பாரத்தை என் மேலேயே சாய்த்தும்விட்டது, குதிரைகளுக்கு இந்தத் திருட்டுத்தனம் உண்டு. அந்தப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு குனிந்து நின்றபடியே நான் அழுதேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் யாராவது முன்னால் இருந்தால் அழுகிறவருக்கும் ஒரு வேலை வந்துவிடுகிறது, அவர்களை நாம் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. ரோஸிக்கு அது எதுவும் தேவைப்படவில்லை. கல் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான்.

இதை வைத்து ஒரு சிகிச்சையே நடத்துகிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அமெரிக்காவில் 1999இல் ஆரம்பித்த ஈகாலா என்ற அமைப்பு உண்டு, அவர்கள் முறையில் குதிரை மேல் ஏறுவதே கிடையாது, தரையில் நின்று அதோடு பழகுவது மட்டும்தான். குதிரை நம் மனசைப் படித்துவிடும் என்று சில பேர் விளம்பரம் செய்கிறார்கள், அதை நான் நம்பவில்லை. அது படிப்பது உடம்பை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. கோபமான மனித முகத்தின் போட்டோவைக் காட்டியபோது குதிரைகள் அதை இடது கண்ணால் பார்த்தன, மிரட்டலானதை அவை பெரும்பாலும் அந்தக் கண்ணால்தான் பார்க்கும், இதயத் துடிப்பும் சீக்கிரம் ஏறியது. அதே குழுவினர் 2018இல், போட்டோவில் கோபமாகப் பார்த்த ஆளைச் சில மணி நேரம் கழித்து நேரில் சாதாரண முகத்தோடு பார்த்தபோதும் குதிரைகள் எச்சரிக்கையாகவே இருந்தன என்று கண்டார்கள். வேட்டையாடப்படுகிற மிருகம், எதிரே இருப்பவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்காவிட்டால் பிழைத்திருக்குமா? நமக்காக அது எதையும் செய்வதில்லை. அதன் பக்கத்தில் போக வேண்டும் என்றால் நாம்தான் படபடப்பைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது.

அம்மா ரோஸியை விற்கவில்லை. பாயின் மகன் வாடகைக்கு ஓட்டினான், வயசான பிறகு வண்டியில் பூட்டுவதையும் நிறுத்திவிட்டோம். போன வருஷம் அது போய்ச் சேர்ந்தது. வயிற்று வலிதான், டாக்டர் வந்து பார்த்தார், ஊசி போட்டார், இரவைத் தாண்டவில்லை. ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, மூட்டைக் கணக்கில் கல் உப்புப் போட்டுப் புதைத்தோம். அம்மா அதன் நெற்றிப் பொட்டில் மஞ்சள் தடவினாள். அப்பாவுக்கு அழுததைவிட அன்றைக்கு அதிகமாக அழுதாள், "ஒரு குதிரைக்குப் போயா இப்படி?" என்று கேட்டவர்களை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். பாயால் இப்போது நடக்க முடியாது, மகன் பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். குழி மூடுகிற வரைக்கும் நின்றார்.

அதற்கப்புறம் அம்மாவுக்கு விடியற்காலை எழுந்தால் வேலை இல்லை. எழுந்து உட்கார்ந்திருக்கிறாள், அப்புறம் எனக்குப் போன் போட்டு, ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாயா என்கிறாள், ஐந்து மணிக்கு. போன வாரம் பேச்சோடு பேச்சாக, "ஆடியில அந்தியூர் போய்ட்டு வரலாமா? சும்மா பாக்கத்தான்" என்றாள். தம்பி ஒரே சத்தம், இந்த வயசில் இன்னொரு குதிரையா, கொள்ளு என்ன விலை விற்கிறது தெரியுமா என்று. "பாக்கறதுக்கு என்னடா காசு" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தியூர், பவானிப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால், வண்டி இழுக்காத, சாதுவான, கொஞ்சம் வயசான பெண் குதிரை இப்போது என்ன விலை போகிறது என்று சொல்லுங்கள். சுழி எப்படி இருந்தாலும் பரவாயில்லை. நான் விசாரித்தது தம்பிக்குத் தெரிய வேண்டாம்.