குடைத் திருடனைத் தேடி: ஒக்டோபர் குறிப்புகள்

ஒக்டோபர் 24
31ஆம் திகதி சிங்களச் சிறுவர் நூலாசிரியர் சிபில் வெத்தசிங்கவின் பிறந்தநாள். 1927இல் தென்னிலங்கையின் காலி நகருக்குப் பக்கத்துக் கிந்தோட்டையில் பிறந்தவர், 2020 ஜூன் 30இல் காலமானார். அவரது நூல்களில் எழுத்தும் அவருடையது, சித்திரமும் அவருடையது. அன்று தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் லயத்துப் பிள்ளைகளுக்கு அவரது 'குட ஹொரா'வை (சிங்களத்தில் 'குடைத் திருடன்') தமிழில் சொல்லி, விளையாடியும் பார்ப்பதாக ஏற்பாடு. குடையே காணாத ஊரிலிருந்து டவுனுக்குப் போகும் கிரி மாமா குடையோடு திரும்புகிறார். கோப்பிக் கடையில் நிற்கும்போது அது களவு போகிறது. வாங்க வாங்கக் களவு. கடைசியில் மடக்கிய குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுவைத்து, அவை சிந்திய வழியே கள்ளனைத் தேடிப் போகிறார்.

ஒக்டோபர் 26
துண்டு சிந்தும் விளையாட்டுக்கு வளைந்த கைப்பிடிக் கறுப்புக் குடைதான் சரி. மூன்றாக மடியும் குடையில் துண்டுகள் கம்பிகளுக்குள் சிக்கும். கையில் தொங்கவிட்டால் துணியின் வாய் மேலே நிற்கும், ஒன்றும் விழாது. நுனியை மேலே தூக்கினால் நாலு எட்டுக்குள் எல்லாம் கொட்டிவிடும். நாடாவைக் கட்டாமல், நடுவில் தளர்வாகப் பிடித்து, வாய் பின்பக்கம் சற்றே தாழ நடந்தால் ஒவ்வொன்றாக உதிரும். கதையில் கள்ளன் எப்படித் தூக்கிப் போனானோ!

ஒக்டோபர் 27
பத்திரிகைத் தாள் ஈரத்தில் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. பழைய கலண்டர் தாள் விறைப்பு, வழுக்கி விழும். இரண்டு அங்குலச் சதுரம் போதும். சிறுத்தால் புல்லுக்குள் மறையும். பச்சை வேண்டாம், தேயிலைக்குள் யார் தேடுவது? 40 துண்டுகளை எண்ணிப் போட்டால் எண்ணிப் பொறுக்கலாம்.

ஒக்டோபர் 29
மழை. பின்னேரத்தை நம்ப முடியாது. காலை ஒன்பதுக்கே தொடங்க வேண்டும்.

ஒக்டோபர் 30
படம் எல்லார் கண்ணிலும் பட வேண்டுமென்றால் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வாசித்து முடித்ததும் தாளைப் புரட்டக்கூடாது. வெத்தசிங்கவின் படங்களில் எழுத்து சொல்லாத சங்கதிகளும் இருக்கும். பிள்ளைகள் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். துண்டுகளின் வழியில் நடக்கத் தொடங்கும் இடத்தில் கதையை நிறுத்தி, முடிவை அவர்களிடமே கேட்கலாம். சிறுவர்கள் எழுதிய 1,250 முடிவுகளோடு வந்த அவரது நூல் 2020இல் கின்னஸில் ஏறியது.

ஒக்டோபர் 31
முதலில் எழுதச் சொன்னபோது எல்லா முடிவிலும் பொலிஸ் வந்து பிடித்தது. முதலில் வரையச் சொன்ன குழுவில் காற்று, ஆடு, வௌவால் எல்லாம் குடையைத் தூக்கின. ஆகவே படம் முன்னே, வரி பின்னே. கதையிலோ கள்ளனுக்குத் தண்டனையே இல்லை. மீட்ட குடைகளை வைத்துக் கிரி மாமா கடை போடுகிறார். "இதிலிருந்து என்ன கற்றோம்?" என்று கேட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும். வர்ணம் தீட்டிய தாள்களை உடனே அடுக்கினால் ஒட்டும். இரண்டு நாள் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கட்டும்.