கடைத் தரை கிண்டிய கிழமை

03.03.2025, திங்கள்

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடையின் திறப்பு இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இருபதுக்கு இருபது, 400 சதுர அடி. முன்னர் இருந்தவர்கள் ரைல்ஸுக்கு மேலே மரக்கோடு போட்ட ரப்பர் சீற் ஒட்டியிருக்கிறார்கள். "அதுக்கு மேலயே புது ரைல்ஸைப் பதியுங்கோ தம்பி, கிண்ட வெளிக்கிட்டால் காசுதான் கரையும்" என்றார் கடைச் சொந்தக்காரர். மேசன் அண்ணை வாய் திறக்கவில்லை. சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். நடுவில் பல இடங்களில் வெறும் பானையைத் தட்டினதுபோல் கேட்டது.

"கீழ பிடிப்பில்லை. ஆடுற பல்லுக்கு மேல பல்லுக் கட்டுறதே?"

கிண்டுவதென்று முடிவு.

05.03.2025, புதன்

சீற்றை ஒரு அடி அகலத்துக்குக் கத்தியால் கீறிக் கீறிச் சுருட்டினோம். பழைய 9 அங்குல வினைல் ஓடுகளில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கலாம், அவற்றை உடைக்கவோ அரைக்கவோ கூடாது என்று எங்கேயோ வாசித்தது வயிற்றைக் கலக்கியது. சுருளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் 2016 என்று அடித்திருந்தது, மூச்சு வந்தது. இவ்வளவு யோசனையும் அஸ்பெஸ்ரஸ் கூரைக்குக் கீழே நின்றுதான்.

06.03.2025, வியாழன்

தரை உடைக்கிற பிறேக்கர் மெசினைப் போட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, பக்கத்துப் புடவைக்கடை அக்கா வந்துவிட்டார். "தம்பி, என்ரை வெள்ளைச் சாறியெல்லாம் சாம்பல் நிறமாப் போச்சுது!" அவர் பேசினதில் பிழையில்லை. வாசலுக்குப் பொலித்தீன் கட்டினோம், வாளியால் தண்ணீர் தெளித்துத் தெளித்து உடைத்தோம். பெரிய சத்தமுள்ள வேலை இனி அவர் கடை பூட்டின பிறகு, ஏழு மணிக்கு மேலே. கூலி கூடும்.

உடைக்கிறதிலும் ஒரு முறை இருக்கிறது. வாசலடியில் ஒரு ரைலைப் பலி கொடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, உளியைச் சரித்துப் பிடித்து, அடியால் நெம்பினால் மற்றவை பாளம் பாளமாக எழும்பும். நான் ஆர்வத்தில் செங்குத்தாகக் குத்தினேன். அண்ணை அலவாங்கை வாங்கிக்கொண்டு என்னைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டார்.

08.03.2025, சனி

சாந்துக்குக் கீழே சிவப்புச் சீமெந்து! அம்மம்மா வீட்டு விறாந்தையில் இருந்ததே, நூல் போட்டுக் கட்டம் பிரித்த அதே தரை. கழுவிப் பொலிஷ் பண்ணி அப்படியே விடலாமென்று துள்ளினேன். துணியால் துடைத்தபோது துள்ளல் அடங்கியது. சாந்து பிடிப்பதற்காக அந்தக் காலத்து மேசன் சாண் இடைவெளியில் கொத்திக் கொத்தி வைத்திருக்கிறார், அம்மை வடுப்போல. கொத்தியும் பிடிக்காததுதான் பகிடி. மேலே இருந்த தூசியைக் கழுவாமல் சாந்தைக் கொட்டியிருப்பார்கள் என்றார் அண்ணை.

பின்சுவரோடு, பழைய அலுமாரி நின்ற இடம் மட்டும் தப்பியிருக்கிறது. இரண்டு அடி அகலம். தேங்காயெண்ணெய் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தேன். இரத்தச் சிவப்பு. அந்தத் துண்டை மூட வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அண்ணைக்கு விருப்பமில்லை, மட்டம் குழம்புமாம்.

09.03.2025, ஞாயிறு

ரைல்ஸும் சாந்துமாக 2 அங்குலத் தடிப்பு. கணக்குப்படி 67 கன அடி. உடைத்துக் குவித்தபோது பொங்கி ஒரு கியூப் (100 கன அடி) அளவுக்கு வந்தது. நாவாந்துறைப் பக்கம் பள்ளக் காணி நிரப்புகிற ஒருவர் உழவு மெசினில் இரண்டு தரமாக ஏற்றிப்போனார். ரப்பர் சுருள்களை அவர் தொடவில்லை, இன்னும் வாசலில் கிடக்கின்றன.

பின்னேரம் ஷட்டரை இழுத்தேன். தரை இறங்கினதை ஷட்டர் அறியாது. கீழே 2 அங்குலம் வெளிச்சம். மணல் மூட்டை மூன்றை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நாளைக் காலை முதல் வேலை வாசல் படிக்குக் கொங்கிறீற்.