லூர்து மாதா கோயிலும் லத்தீன் பெயர்களும்

சிங்கப்பூரில் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்க முன்னோரின் ஞானஸ்நானப் பதிவைத் தேடுகிறவர்கள் முதலில் ஒரு கோயிலின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்கு 1886 ஆகஸ்ட் 1 அன்று அடிக்கல் நாட்டியவர் மேற்றிராணியார் (ஆயர்) எட்வார்ட் காஸ்னியே. 1888இல் கோயில் திறந்தது. அதுவரை அங்கே குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கர்கள் குவீன் ஸ்ட்ரீட் இராயப்பர் சின்னப்பர் கோயிலில் சீனர்களோடு சேர்ந்துதான் பூசை கண்டார்கள். பூசை லத்தீனில், அதில் யாருக்கும் வில்லங்கமில்லை. பிரசங்கமும், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனமும்தான் சிக்கல். பாவத்தை மொழிபெயர்ப்பாளர் வைத்தா சொல்ல முடியும்?

கோயில் சாமியார்கள் (பாதிரியார்கள்) பாரிஸ் வேதபோதக சபை என்ற பிரெஞ்சு மிஷனரி சபையார். புதுச்சேரி மிஷனும் அவர்களுடையதே. புதுச்சேரிக்குப் பக்கத்து வில்லியனூரில் 1877இலேயே லூர்து மாதாவுக்குக் கோயில் எழுந்திருந்ததால், தமிழருக்கு அந்தப் பெயர் புதிதல்ல.

1974 வரை லூர்து மாதா கோயில் மொழிப்பங்கு, எல்லைப்பங்கு அல்ல; அதாவது குடியிருக்கும் இடத்தை வைத்தல்ல, மொழியை வைத்தே மக்கள் அதைச் சேர்ந்தார்கள். ஆகவே முன்னோரைத் தேடுகிறவர்கள் பழைய வீட்டு விலாசத்தை வைத்துப் பக்கத்துப் பங்கில் விசாரிப்பது முதல் தவறு. 1888க்குப் பிந்திய பதிவை லூர்து மாதா கோயிலிலும், முந்தியதை இராயப்பர் சின்னப்பர் கோயிலிலும் கேளுங்கள். தோராயமான வருடம், தாய் தகப்பன் பெயர், ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்ற ஞானத்தாய் ஞானத்தகப்பன் தெரிந்தால் அவர்கள் பெயர், எல்லாம் எழுத்தில் கொடுப்பது நல்லது. வெறும் "அந்தோணி" என்றால் பக்கத்துக்கு நாலு பேர் வருவார்கள்.

அடுத்த தடுமாற்றம் பெயர். அக்கால மிஷன் பதிவேடுகள் பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். இராயப்பன் அங்கே பெத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், இன்னாசி இக்னாசியுஸ், யாகப்பன் யாக்கோபுஸ். ஞானப்பிரகாசத்தை அலோய்சியுஸ் என்று எழுதியிருந்தால் பேரப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அதோடு சாமியார் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்கள். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் ஓரக்குறிப்பைப் பார்க்காமல் விடாதீர்கள். 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி, எந்தப் பங்கில் மெய்விவாகம் (கோயில் கல்யாணம்) நடந்தாலும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தெரிவித்து, ஓரத்தில் எழுத வேண்டும். அது இருந்தால் கல்யாணப் பதிவேடு எங்கே என்பது உடனே தெரிந்துவிடும். ஊருக்குப் போய்த் தாலி கட்டியவர்களின் விஷயத்தில் கடிதம் கடல் தாண்டி வந்திருந்தால்தான் உண்டு. ஓரம் காலியாக இருப்பதால் மட்டும் கல்யாணம் ஆகவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.