காக்கா கொத்துன கூகை

நேத்து காலைல எங்க மொட்டை மாடில ஒரே காக்கா சத்தம், போய் பாத்தா தண்ணி டேங்க் இடுக்குல ஒரு கூகை, வெள்ளை மூஞ்சி ஆந்தை, இடது றெக்கை தொங்குது, ஓரத்துல ரத்தம் காஞ்சு கெடக்கு. பழைய துண்டை மேல போட்டு மெதுவா தூக்கி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டில வச்சு மூடிட்டேன், இருட்டா இருந்தாதான் படபடப்பு அடங்கும். அம்மா ஸ்பூன்ல தண்ணியோட வந்தாங்க, வேணாம்மா, வாய்ல ஊத்துனா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்னு தடுத்தேன். பாலும் சோறும் கூடாது, அது எலி திங்குற பறவை. கூகை வந்தா வீட்டுக்கு ஆகாதுன்னு பக்கத்து வீட்டு பாட்டி சொன்னது ரொம்ப வருத்தமா இருந்துச்சு. 1972 வனவிலங்கு சட்டப்படி நாமளே வச்சு வளர்க்கக்கூடாது, அதனால நேரா கிண்டிக்கு போய் வனத்துறைகிட்ட கொடுத்துட்டேன். பெட்டிய கைமாத்துறப்போ உள்ள இருந்து ஒரு சீறல், அப்பாடா, தெம்பு இருக்கு!