சுங்கை பூலோவரை ஒரு விரைவுப் பேருந்து வேண்டும்

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலிலேயே மேசை போட்டு, இந்தப் பேருந்தைக் கேட்கும் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினோம். மலேசியாவில், சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் (நமக்கு அது என்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனையை வெட்டிவிட்டுத் தாமான் தாமானாக, அதாவது குடியிருப்புக் குடியிருப்பாகக் கட்டுகிறார்கள், வீடு வருகிறது, கடை வருகிறது, ஆனால் ரயில் பிடிக்க இன்னும் சுங்கை பூலோவரை மோட்டாரில்தான் ஓட வேண்டியிருக்கிறது. அங்கே போய்விட்டால் கொமுட்டர் ரயில் உண்டு, 2023 மார்ச்சில் முழுதாகத் திறந்த புத்ராஜெயா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) உண்டு, மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) பாஸில் எம்ஆர்டி, எல்ஆர்டி (இலகு ரயில்) எல்லாம் ஏறலாம். அங்கே போய்ச் சேருவதுதான் பாடு.

பழைய தோட்ட லயத்து வரிசை வீட்டு அத்தை ஒருவர் வந்தார். மகள் நாலரைக்கே எழுந்து, மழை நாளில் வேலைச் சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மோட்டாரில் போகிறாளாம், அவள் போய்ச் சேர்ந்தேன் என்று போன் பண்ணும்வரை இவருக்குத் தேத்தண்ணீர்கூட இறங்காதாம். கையெழுத்துப் போட வராது என்று பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தி வைத்தார்.

தண்டவாளம் உடனே வராது, தெரியும். காஜாங் எம்ஆர்டிக்கே 2011இல் வேலை தொடங்கி 2017இல்தான் முழுப்பாதையும் திறந்தது. அதுவரை தனித்தடத்தில், விடியற்காலை முதல் கால் மணிக்கு ஒரு பேருந்து கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். அடுத்த ஞாயிறும் அதே மேசைதான், அடையாளக் கார்டோடு வந்துவிடுங்கள்.