சரியாகச் செய்தேனா என்று எப்படித் தெரியும்?

கணினி வேலை ஒன்றைப் படிப்படியாகச் சொல்லித்தரும் டுடோரியல் தேடி வருகிறவர் நிதானமாக உட்கார்ந்து படிக்க வருவதில்லை. ஏதோ ஒரு வேலை பாதியில் நின்றுபோயிருக்கும். ஒரு பக்கம் டெர்மினல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஓட்டும் திரை), இன்னொரு பக்கம் நாம் எழுதிய டுடோரியல் என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டிருப்பார். ஒரு வரியை முடித்ததும் அவருக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான்: இப்போது செய்தது சரியாக நடந்ததா, இல்லையா? அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எல்லா டுடோரியலும் சொல்கிறது. இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது ரொம்பக் குறைவு. ஒரு டுடோரியல் உதவியதா, ஆளைத் தவிக்கவிட்டதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது என்று நினைக்கிறேன்.

பைத்தான் நிரல்மொழியில் விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு வேலைக்குத் தேவையானவற்றை மட்டும் நிறுவிக்கொள்ளும் தனி இடம்) உருவாக்குவதையே எடுத்துக்கொள்வோம். ஒரே கட்டளைதான். ஓட்டினால் சில நொடிகள் அப்படியே நிற்கும், அப்புறம் ஒன்றுமே சொல்லாமல் கர்சர் மறுபடி வந்து நிற்கும். பழகியவருக்கு அந்த மௌனமே 'முடிந்தது' என்று சொல்லிவிடும். முதல் தடவை செய்கிறவருக்கோ, ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அவர் அதே கட்டளையை மறுபடி ஓட்டுவார், பிறகு வேறு எங்கேயோ பார்த்த இன்னொரு கட்டளையை முயன்று பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் அவர் கணினி நாம் எழுதியதற்குச் சம்பந்தமில்லாத ஒரு நிலைக்குப் போய்விடும். இத்தனையையும் ஒரு வரி தடுத்திருக்கும்: 'இந்தக் கட்டளை எதையும் காட்டாது, அது சரிதான், ஃபோல்டரில் இருப்பதைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், புதிதாக ஒரு ஃபோல்டர் வந்திருக்கும்.' அடுத்து அந்த என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்ததும், டெர்மினல் வரியின் தொடக்கத்தில் அதன் பெயர் அடைப்புக்குறிக்குள் தெரியும். அதையும் எழுதிவிட வேண்டும். லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு ஒரு கட்டளையை ஓட்ட உதவும் சூடோ, பாஸ்வேர்ட் கேட்கும் இடமும் இப்படித்தான். பல லினக்ஸ்களில் தட்டச்சு செய்யும்போது ஒரு நட்சத்திரக் குறிகூட வராது, கீபோர்டு வேலை செய்யவில்லையோ என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. 'ஒன்றும் தெரியாது, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள்' என்று சொல்வதற்கு எவ்வளவு இடம் ஆகிவிடும்?

ஊருக்கு வழி சொல்கிறவர்களில் நன்றாகச் சொல்கிறவர் ஒருவர் இருப்பார், கவனித்திருப்பீர்கள். 'இரண்டாவது தெருவில் திரும்புங்கள்' என்பதோடு நிறுத்தமாட்டார், 'தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பி வந்துவிடுங்கள்' என்பார். அந்த இரண்டாவது பாதியைத்தான் ஒவ்வொரு படிக்கும் கீழே எழுதச் சொல்கிறேன். சரியாகப் போனால் என்ன தெரியும், தவறிப்போனால் என்ன தெரியும், அப்போது எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

இது ஏன் எழுதுகிறவர் கண்ணில் படுவதில்லை? அக்கறை இல்லாததால் அல்ல. தெரிந்த ஒன்றைத் தெரியாதது போல நினைத்துப் பார்ப்பது மனிதர்களுக்கு உண்மையிலேயே கடினம். 1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றின் தாளத்தை ஒருவர் மேஜையில் தட்ட வேண்டும், கேட்கிறவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டுகிறவர் மனதுக்குள் பாட்டு முழுதாக ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பது டொக் டொக் என்ற சத்தம் மட்டும்தான். டுடோரியல் எழுதும்போதும் நம் மனதில் முழுப் பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் நினைவிலிருந்து எழுதாதீர்கள், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) திறந்துகொள்ளுங்கள், அது முடியாவிட்டால் கணினியில் புதிய யூசர் கணக்காவது. அதில் முதலிலிருந்து செய்தபடியே எழுதுங்கள், ஒவ்வொரு கட்டளைக்கும் வந்த பதிலை உடனுக்குடன் ஒட்டி வையுங்கள். நம் சொந்தக் கணினியில் என்றோ நிறுவிய பத்துப் பதினைந்து விஷயங்கள் சத்தமில்லாமல் உதவிக்கொண்டிருக்கும், படிக்கிறவரிடம் அவை இருக்காது. முடித்ததும் டெர்மினலின் ஹிஸ்டரியை, அதாவது அடித்த கட்டளைகளின் பட்டியலை எடுத்து, எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யோசிக்காமலே கைப்பழக்கத்தில் அடித்த ஏதாவது ஒரு கட்டளை ஹிஸ்டரியில் இருக்கும், கட்டுரையில் இருக்காது.

முடிந்தால் இன்னொருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள். மென்பொருள் உலகில் இந்த முறையை 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் கிளேட்டன் லூயிஸ் பரவலாக்கினார், இன்றும் இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். அவர் திணறும்போது 'இல்லை, இங்கே பாருங்கள்' என்று விரலை நீட்டத் தோன்றும். விரலை நீட்ட நினைத்த ஒவ்வொரு இடமும் கட்டுரையில் ஒரு வரி குறைகிற இடம்.

அதே ஐபிஎம்மில் ஜான் கரோல் கவனித்த விஷயமும் இங்கே முக்கியம். கணினி புதிதாக வந்த காலத்தில், அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் வேர்ட் பிராசஸர் கற்றுக்கொள்வதை அவர் கூர்ந்து பார்த்தார். தடிமனான கையேட்டை வரிசையாகப் படித்தவர்கள் குறைவு. தாவித் தாவிப் படித்தார்கள், தோன்றியதைச் செய்து பார்த்தார்கள், மாட்டிக்கொண்டார்கள், அதிலிருந்து வெளியே வரக் கையேட்டில் வழி இல்லை. அவருடைய தீர்வு கையேட்டைச் சுருக்குவதும், உண்மையான வேலையைச் சீக்கிரம் தொடங்கவிடுவதும், பிழை வந்தால் மீளும் வழியைச் சேர்ப்பதும். முன்னுரை எழுதும் ஆசை வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு, அது ஏன் சிறந்தது என்பதெல்லாம் வேறு கட்டுரைக்குப் போகட்டும். இங்கே ஒரே வேலை, ஒரே வழி. 'இப்படியும் செய்யலாம், அப்படியும் செய்யலாம்' என்று மூன்று வழி காட்டினால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாத ஒருவரிடம் தேர்வை ஒப்படைக்கிறோம். எது நல்லது என்று தெரிந்தவர் நாம்தான், நாமே முடிவு செய்துவிட்டுப் போகலாம்.

பிழைச் செய்தியை அப்படியே எழுத்தாகப் போடுங்கள், ஸ்க்ரீன்ஷாட்டாக மட்டும் போடாதீர்கள். மாட்டிக்கொண்டவர் அந்தச் செய்தியைத்தான் தேடுபொறியில் ஒட்டித் தேடுவார், படத்துக்குள் இருப்பது எளிதில் அகப்படாது. ஸ்க்ரீன் ரீடரின் உதவியோடு வாசிக்கும் பார்வையற்றவருக்கோ அந்தப் படம் வெற்றிடம். பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டப் படம் நல்லது, கட்டளைக்குக் கூடாது.

கட்டளை என்றதும் இன்னும் சில. காப்பி செய்து ஒட்டினால் ஓட வேண்டும். சில எடிட்டர்கள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும், இரண்டு சிறு கோடுகளைச் சேர்த்து ஒரு நீளக் கோடாக்கிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கட்டளையைப் படித்து ஓட்டும் ஷெல்லுக்கு அது வேறு எழுத்து. வரியின் முன்னால் அழகுக்கு டாலர் குறி வைத்தால் அதையும் சேர்த்து ஒட்டிவிட்டு, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பதிலை வாங்குவார்கள். வாசகர் தன் பெயரையோ முகவரியையோ போட வேண்டிய இடங்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். எதையாவது அழிக்கும் கட்டளை என்றால் எச்சரிக்கை அதற்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால் ஓட்டிய பிறகுதான் படிப்பார். ஒரு மென்பொருளின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தச் சொல்வதற்கு முன் ஒரு நகல் எடுக்கச் சொல்லிவிட்டு, பழையபடி மாற்றும் கட்டளையையும் கொடுத்துவிடுங்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தால் பயமில்லாமல் செய்வார்கள்.

அப்புறம் தேதியும் வெர்ஷனும். எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், எந்த வெர்ஷனில், எப்போது செய்து பார்த்தது என்பது முதல் வரியிலேயே வேண்டும். பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது, அதன் பிரின்ட் எழுதும் முறை பைத்தான் 3இல் ஓடாது. அப்படி எழுதப்பட்ட பாடங்கள் இன்னும் தேடலில் வருகின்றன. 2020 அக்டோபரிலிருந்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் புதிதாகத் தொடங்கும் ரெப்பாசிட்டரிகளின் (நிரல் தொகுப்புகளின்) முதல் கிளைக்கு மெயின் என்று பெயர், அதனால் மாஸ்டர் என்ற பழைய பெயருக்கு புஷ் செய்யச் (அனுப்பச்) சொல்லும் பழைய பாடம் அங்கே தடுக்கி நிற்கும். டெபியன் 12 என்ற லினக்ஸில், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் மூலம் நேரடியாக சிஸ்டத்தில் நிறுவப் பார்த்தால் அது மறுத்துவிட்டு விர்ச்சுவல் என்விரான்மென்ட் பயன்படுத்தச் சொல்லும், பழைய பாடங்களில் அந்தப் படியே கிடையாது. எழுதியவர்கள் யாரும் தவறு செய்யவில்லை, அன்று அது சரி. தேதி இல்லாததால்தான், படிக்கிறவர் தன்னிடம் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்.

பழசாகிப்போனதை அழித்துவிட வேண்டாம், பழைய வெர்ஷனோடு மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அதுவும் தேவை. மேலே இரண்டு வரி சேர்த்தால் போதும்: இது எந்த வெர்ஷன் வரை சரி, அதற்குப் பிறகு எந்தப் படி மாறியது, புதியது எங்கே இருக்கிறது. யாராவது 'நான்காவது படியில் நிற்கிறது' என்று எழுதினால், பதிலை அவருக்கு மட்டும் சொல்லி முடித்துவிடாமல் நான்காவது படியையே திருத்துங்கள். அதே இடத்தில் நின்றுவிட்டு, கேட்காமலே போனவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.